படையல் சேலை

என் மகள் செத்து ஆறு வருசம் ஆச்சு தாயி. போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் செத்துத்தான் இருந்தாள்.

அப்படிப் பார்க்காதே. எனக்குப் புத்தி பிசகவில்லை. இந்தப் பையைக் கொஞ்சம் உன் காலடியில் வச்சுக்கிறயா? அதிரசம் இருக்கு, மேலே வச்சால் எவனாவது பெட்டியைத் தூக்கி வச்சு நசுக்கிருவான். பேத்திக்குச் சுட்டது. பேத்தி இருக்கிறாள்ங்கிறதும் செவ்வாய்க்கிழமைதான் தெரியும். மூணு வயசு இருக்கும், போட்டோவைப் பார்த்துச் சொல்றேன். பேர்கூடத் தெரியாது.

நீ எதுவரைக்கும்? கோயம்புத்தூரா? நல்லது, கடைசி வரைக்கும் இருப்பே. நான் எங்கே இறங்கணும்னு கேட்காதே, அது எனக்கே தெரியாது. துண்டுச் சீட்டில் எழுதியிருக்கு. நமக்குப் படிப்பு கிடையாது. கண்டக்டரிடம் காட்டினேன். 'உக்காருங்க பெரியம்மா, ஊரு வந்ததும் நானே இறக்கி விடுறேன்'னார். ஊர் பேரையும் சொன்னார், மதுரை பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் காதில் விழவில்லை.

யாரிடமாவது சொல்லணும் தாயி. சொல்லாவிட்டால் நெஞ்சு வெடிச்சிரும் எனக்கு.

என் வீட்டுக்காரர் பேரை முப்பத்திரண்டு வருசமா நான் வாயால் சொன்னதில்லை. ரேசன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். இன்னிக்குச் சொல்றேன். சோலையப்பன். கேட்டுக்கோ. அந்த ஆளுக்கு இனிமேல் அவ்வளவுதான் மரியாதை. நூல் மில்லில் வாட்ச்மேன். ஊருக்குள் விசாரிச்சுப் பார், எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற மனுசன்ம்பார்கள். அந்த மனுசன்தான், உயிரோட இருக்கிற பிள்ளைக்கு என் கையாலேயே எள்ளும் தண்ணியும் விட வச்சார்.

எங்களுக்கு ஒத்தைப் பிள்ளை, கோகிலா. காலேஜுக்குப் போய்க்கிட்டிருந்தாள். பஸ்ஸில் கூட வருகிற பையன் ஒருத்தன், இளங்கோன்னு பேர். நம்ம ஆளுக இல்லை. அதுக்கு மேலே நான் விளக்க வேண்டாம், உனக்கே புரியும். எனக்குத் தெரிய வந்துச்சு. பெத்தவள் என்ன செய்வாள்? என் தம்பி தவமணியிடம் சொன்னேன். கொஞ்சம் கண்டிச்சு வைப்பான்னுதான். தம்பின்னு பேருக்குச் சொல்றேன், அவன் எனக்கு மகன் மாதிரி. அவன் நாலு வயசாக இருக்கும்போது எங்க அம்மா போய்ச் சேர்ந்துட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இப்போ லாரி, கார்னு நல்லா இருக்கான். வந்து ரெண்டு அடி அடிச்சான். தாய்மாமன் அடிக்கக் கூடாதா? கையில் லேசா எலும்பு விட்டுப்போச்சு, மாவுக்கட்டுப் போட்டோம். கட்டைப் பிரிச்ச மறுநாள் பிள்ளை ஓடிப்போய்விட்டாள்.

தம்பி தேடினான் பாரு, அப்படித் தேடினான். எட்டு மாசம். சொந்தத் தொழிலைப் போட்டுட்டு, காரில் நாலு ஆளை ஏத்திக்கிட்டு, திருப்பூர், ஓசூர்னு அக்கா மகளுக்காக அலைஞ்சான். யார் அலைவாங்க இந்தக் காலத்தில்? சீட்டுக்கு அடியில் அருவா இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லி ஊரில் நாலு பேர் வாயில் போட்டு மென்றார்கள். அது எளநி வெட்ட. எப்பவும் வச்சிருப்பான்.

எட்டாம் மாசம் வீட்டுக்காரர், 'பிள்ளையைப் பத்தி ஒரு தாக்கல் வந்திருக்கு, பாத்துட்டு வாரேன்'ன்னு ஒத்தையில் கிளம்பிப் போனார். நாலாம் நாள் மொட்டைத் தலையோட வந்து வாசலில் நின்றார். கையில் சிவப்புத் துணி கட்டின சின்னக் கலயம்.

'சீனி, நம்ம பிள்ளைக்கு மஞ்சக்காமாலை. முத்திப்போச்சு. பெங்களூருலேயே எரிச்சுட்டேன்.'

அவ்வளவுதான் சொன்னார். மடியிலிருந்து அவள் காதில் கிடந்த தோட்டை எடுத்து என் கையில் வச்சார். நான் விழுந்தது தெரியும். எழுந்தது தெரியாது.

தம்பி வந்தான். கலயத்தைப் பிரிச்சுப் பார்த்தான். தோட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் சடங்குக்கு அவன் எடுத்துப் போட்ட தோடுதான். நான் மண்ணில் புரண்டு அழுகிறேன், அவன் அதையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் குனிஞ்சு என் தலையைத் தடவி, 'விடுக்கா, மானத்தைக் காப்பாத்திட்டுப் போய்ட்டா'ன்னான். எவ்வளவு ஆறுதலான வார்த்தை! அன்னிக்கு அவன் வீட்டில் கறிக்குழம்பு கொதிச்சுதுன்னு சொன்னார்கள். ஊர் வாய்க்கு மூடி உண்டா?

சேதுக்கரைக்குப் போய்ச் சாம்பலைக் கடலில் கரைச்சோம். கலயத்தை என் மடியில் வச்சுத்தான் கொண்டுபோனேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளைக்கு வலிக்குமேன்னு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அது என்ன சாம்பல்னு போன செவ்வாய்க்கிழமை அந்த ஆளைக் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? 'பஸ் ஸ்டாண்டு டீக்கடை அடுப்புச் சாம்பல்.'

டீக்கடைச் சாம்பல் தாயி. அதுக்கு முத்தம் குடுத்திருக்கேன் நான்.

இன்னும் கேள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. வாழ வேண்டிய வயசில் போன பொம்பளைப் பிள்ளைக்கு வருசா வருசம் ஆடி மாசம் படையல் போடணும். புதுச்சேலை, வளையல், பூ, அவளுக்குப் பிடிச்ச பலகாரம் எல்லாம் போட்டோவுக்கு முன்னால் வச்சுக் கும்பிட்டு, அந்தச் சேலையை ஒரு இல்லாதப்பட்ட பொண்ணுக்குக் குடுத்திரணும். வீட்டில் வச்சுக்கக் கூடாது, ஆகாது. ஆறு ஆடி, ஆறு சேலை. ஒவ்வொண்ணும் நானே கடையில் நின்று எடுத்தது. 'மகளுக்காம்மா, நிறம் எப்படி, சிவப்பா மாநிறமா?'ன்னு கடைக்காரப் பையன் கேட்பான். நான் நிறத்தைச் சொல்வேன். வேற என்ன சொல்ல?

படையல் முடிஞ்சதும் அந்த ஆள் சேலையை மஞ்சப்பையில் மடிச்சு வச்சு, 'மில்லுல கூட்டுற பிள்ளை ஒண்ணு இருக்கு, பாவம், அதுக்குக் குடுத்திர்றேன்'னு கிளம்பிருவார். சேலை யார் உடம்பிலாவது கிடந்தால் சரின்னு நானும் இருந்தேன்.

மூணாம் வருசத்துச் சேலை கிளிப்பச்சை, கடுகு மஞ்சள் கரை. ஊதுபத்தி சாய்ஞ்சு முந்தியில் ஒரு பொத்தல் விழுந்திருச்சு. செத்த பிள்ளைக்குப் பொத்தல் சேலையையா படைக்கிறதுன்னு அப்படியே உட்கார்ந்து, மஞ்சள் நூலால் அந்த இடத்தில் ஒரு மாங்காய் மாதிரி தைச்சு மூடினேன். சோறு ஆறிப்போச்சு. வீட்டுக்காரர் நான் தைக்கிறதையே பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணில் தண்ணி. அட, மனுசனுக்குப் பிள்ளை நினைப்பு வந்திருச்சேன்னு நான்தான் தேத்தினேன். நான் தேத்தினேன் தாயி அந்த ஆளை!

செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல். போனில் காசு தீர்ந்துபோச்சு, கடையில் குடுத்துப் போட்டுட்டு வான்னு என்னிடம் குடுத்தார். காய்ச்சல் மயக்கத்தில் மறந்திருக்கணும். கடையில் இருக்கிற பொண்ணு எதையோ தட்டினாள், ஒரு போட்டோ வந்து நின்னுச்சு. 'யாரு பெரியம்மா இது, அப்படியே உங்க சாடை'ன்னாள்.

சேலையைத்தான் முதலில் பார்த்தேன். கிளிப்பச்சை. முந்தியில் மாங்காய். சரி, இதுதான் மில்லில் கூட்டுற பிள்ளை போலன்னு நினைச்சேன். நல்லாத்தான் இருக்கு சேலை அவளுக்குன்னுகூட நினைச்சேன். இடுப்பில் ஒரு குழந்தை. அப்புறம்தான் முகத்துக்கு வந்தேன்.

கொஞ்சம் சதை போட்டிருக்கா.

எப்படி வீட்டுக்கு வந்தேன்னு தெரியாது. 'யாருங்க இது?'ன்னு போனை நீட்டினேன். போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். அப்புறம், 'கதவைச் சாத்து'ன்னார்.

'கதவு கிடக்கட்டும். எனக்கு ஏன் சொல்லல?'

'உனக்குச் சொன்னா உன் தம்பிக்குச் சொன்ன மாதிரி.'

'நான் பெத்தவ!'

'அதனாலதான் சொல்லல. என் மொட்டைத் தலையைப் பாத்து உன் தம்பி நம்பல, சீனி. சாம்பலைப் பாத்தும் நம்பல. நீ அழுததைப் பாத்துத்தான் நம்புனான். உனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த அழுகை வருமா?'

'என் அழுகையை வச்சு நாடகம் ஆடியிருக்கீங்க.'

'ஆடுனேன்.'

'கூட உக்காந்து நீங்களும் அழுதீங்களே, அதுவும் நாடகமா?'

'அது நாடகம் இல்ல. உன்னைப் பாத்து அழுதேன்.' அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னார்: 'உன் வாய் ஓட்டை வாய். குத்தமாச் சொல்லல, அது உன் வாகு. அந்த வாய்ல பிள்ளை உசுரை வைக்க எனக்குத் தைரியம் வரல.'

ஓட்டை வாயாம்! நீயே சொல்லு, நான் என்ன ஊரெல்லாம் தமுக்கு அடிக்கிறவளா? என் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ பொண்ணு வயசில் மூணைக் குறைச்சுச் சொல்லியிருந்தார்கள். என்னிடமும் சொல்லிவச்சார்கள், யார் கேட்டாலும் இருபதுதான்னு. மாப்பிள்ளையோட அம்மா வந்து கேட்டாள். நான் வயசைச் சொல்லவே இல்லையே! 'எங்க கோகிலாவுக்கு ரெண்டு வயசு மூத்தவ'ன்னுதான் சொன்னேன். அந்தப் பொம்பளை கோகிலா வயசைக் கேட்டாள், அதைச் சொன்னேன். இதில் என் தப்பு எங்கே இருக்கு? அந்தக் கல்யாணம் நின்னதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்னைத்தான் சொல்றார்கள்.

'காய்ச்சல் விடட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே, என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு'ன்னார். பண்ணினேன். அடுத்த வாரம்னார். ஆறு வருசம் என்னை ஏமாத்தின ஆளுக்காக நான் எத்தனை வாரம் காக்கிறது? இன்னிக்குக் காலையில் ஷிப்டுக்குப் போனார். அவர் தெரு முக்குத் திரும்பினதும் டிரங்குப் பெட்டியைத் துழாவினேன். அடியில் அவளுக்குச் சேலை பார்சல் அனுப்பின சீட்டு. என்னை மாதிரி படிக்கத் தெரியாதவள் இருக்கிற வீட்டில் எழுதி வைக்கிறதைவிடப் பத்திரமான இடம் எது? கெட்டிக்காரர். எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். அவருக்கும் தெரியட்டும், வீட்டில் ஆள் இல்லாமல் தேடுறது எப்படி இருக்கும்னு.

யாரிடமும் சொல்லலை தாயி. சத்தியமா யாரிடமும் சொல்லலை. தம்பி பொண்டாட்டி செல்லக்கனியிடம் மட்டும்தான். அதுவும் சாவியைக் குடுக்கப் போன இடத்தில். சும்மா சாவியைக் குடுத்தால், எங்க போறீங்க மதினின்னு கேட்பாளா மாட்டாளா? கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறணும்னு மட்டும் மில்லு வேன் டிரைவர் சீட்டைப் பார்த்துச் சொன்னதைச் சொன்னேன். பிள்ளை உயிரோட இருக்கிறதைச் சொன்னேன். எனக்கும் சந்தோசம் தாங்கலையே! 'உன் புருசன்கிட்ட நானே வந்து சொல்றேன், நீ சொல்லாதே'ன்னு கையில் அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டேன். 'சரி மதினி'ன்னு நெஞ்சில் கையை வச்சுக்கிட்டு நின்றாள், பாவம்.

மில்லு வேன் டிரைவரா? அவன் வழியில் பார்த்துக் கேட்டான், சொன்னேன். அவனெல்லாம் ஒரு கணக்கா?

இரு, போன் அடிக்குது. தவமணிதான். பார்த்தியா, செல்லக்கனி சொல்லிட்டாள்! சில பொம்பளைகள் வாயில் ஒரு சொல் நிக்காது.

'சொல்லுய்யா… ஆமா… ஆமாய்யா, உசுரோட இருக்கா! உங்க மச்சான் செஞ்ச வேலையைக் கேட்டியா… என்ன, நீயும் வர்றியா? எங்கே? வாடிப்பட்டி தாண்டிட்டியா! அய்யா என் ராசா… நாங்க திண்டுக்கல் தாண்டி வந்துட்டோம். ஊரா? சீட்டுல இருக்கு. இரு, பக்கத்துல படிச்ச பிள்ளை இருக்கு, குடுக்கிறேன்.'

தம்பி கிளம்பி வந்துட்டான் தாயி. கேட்டதும் காரை எடுத்துட்டான். இந்தப் பிள்ளையைப் போய் அந்த ஆள் சந்தேகப்பட்டார். இந்தா சீட்டு, போனைப் பிடி. ஊர், தெரு, கதவு நம்பர் எல்லாம் தெளிவாப் படிச்சுச் சொல்லணுமாம்.

ஏன் தாயி? எழுத்து புரியலையா? கண்ணாடி எடுத்து வரலையா?

ஏன் கையை இழுத்துக்கிறே?

என்ன கேட்கச் சொல்றே? யார் யார் வர்றாங்கன்னா? அது எதுக்கு… சரி, கேட்கிறேன்.

'ஏய்யா, யாரு யாருய்யா வர்றீங்க?… ஆறு பேரா? செல்லக்கனி வரலையா?… அவ எதுக்கா? என்னய்யா இப்படிக் கேக்கிறே, மருமக பெத்த பிள்ளையை மொத மொதப் பாக்கப் போறே, பொம்பளை இல்லாம எப்படி? கொலுசு வாங்குனியா? ஒரு தட்டுப் பழமாவது… அதெல்லாம் அப்புறமா… சரி… ஹலோ… பஸ் சத்தத்துல கேக்கலைய்யா, வையி.'

…

எங்களில் தாய்மாமன் போறதுக்கு ஒரு முறை இருக்கு தாயி. மருமகள் பெத்த பிள்ளையை முதல் தடவை பார்க்கப் போனால், முன்னால் பொம்பளைதான் போகணும். மாமன் பொண்டாட்டி தாம்பாளத்தோட படி ஏறணும். அவள் கையால் பிள்ளைக்குக் கொலுசு மாட்டணும். அதுக்கு அப்புறம்தான் மாமன் வீட்டுக்குள் கால் வைப்பான். எவ்வளவு இல்லாதவனும் இதை விடமாட்டான். ஒரு வெள்ளைக் கயிறையாவது மஞ்சளில் நனைச்சுக் கொண்டுபோவான். ஆம்பளைகள் மட்டும் கூட்டமா ஒரு வீட்டுப் படி ஏறினால் எங்களில் அது ரெண்டே காரியத்துக்குத்தான். ஒண்ணு, பாடை தூக்க.

இன்னொண்ணை நான் என் வாயால் சொல்ல மாட்டேன்.

என் தம்பி ஒண்ணும் செய்ய மாட்டான். நான் ஊட்டி வளர்த்தவன். செய்ய மாட்டான். ஆனால் பிள்ளை ஆணா பொண்ணான்னு அவன் கேட்கலையே. கோகிலா எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்கலையே. என்ன தெரு, என்ன நம்பர். அதையேதான் கேட்டான். ரெண்டு தடவை கேட்டான்.

எட்டு மாசமும் இதையேதான் கேட்டுக்கிட்டு அலைஞ்சானா?

என்ன சத்தம்? ஒட்டன்சத்திரமா? இறங்கச் சொல்றாரா? சீட்டில் இருக்கிறது இந்த ஊர் இல்லையே? வாயால் சொல்லாதே! தலையை மட்டும் ஆட்டு… இல்லை. நல்லது. அந்த ஊர் பேர் என் காதில் விழவே வேண்டாம். விழுந்தால் என்னிடம் தங்காது. சீட்டைக் கிழிச்சிரு தாயி. இன்னும் சின்னதாக் கிழி.

மறுபடியும் அடிக்கிறான்.

'தவமணி… ஆமாய்யா, படிச்சுச் சொல்லிட்டாங்க. ஒட்டன்சத்திரம். இந்தா, இறங்கப் போறேன். பஸ் ஸ்டாண்டுலேயே நிக்கிறேன், நீ நேரா இங்கே வா, சேந்து போவோம்… தெருவா? நேர்ல வா, காட்டுறேன்… என்னய்யா இப்படிக் கேட்டுப்புட்டே? அக்கா என்னிக்கு உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?'

கண்டக்டரய்யா, ஒரு நிமிசம், கால் வலி, மெதுவாத்தான் இறங்குவேன். என்ன தாயி, போலீசுக்கா? போடு. நீ பேசு, எனக்கு அவங்ககிட்டப் பேசத் தெரியாது. கார் வெள்ளைக் கலர். நான் இறங்கி அவன் முகத்துக்கு நேரா நிக்கணும். நிக்கிற வரைக்கும் அவன் வேற எங்கேயும் போக மாட்டான்ல? அது போதும். அந்தப் பச்சைப் பட்டனை அழுத்திக் குடு, வீட்டுக்காரர் நம்பர்தான் அடுத்தது.

'ஏங்க… நான்தான். திட்டுறதை அப்புறம் திட்டுங்க. தவமணிக்குத் தெரிஞ்சுபோச்சு… நான்தான். நான்தான் சொன்னேன்… ஆறு பேரு, கார்ல. பொம்பளை யாரும் இல்ல… அழுகாதீங்க, நேரம் இல்ல. பிள்ளைக்குப் போனைப் போடுங்க. அடுப்புல இருக்கிறது அடுப்புல இருக்கட்டும், குழந்தையைத் தூக்கிட்டு அந்த ஊரை விட்டுக் கிளம்பச் சொல்லுங்க. நீங்க மில்லு கேட்டைத் தாண்டி வெளியே வராதீங்க… நானா? நான் பாத்துக்கிறேன், நான் வளத்தவன்தானே… ஏங்க, வச்சிராதீங்க, இன்னொண்ணு. அவங்க எங்கே போறாங்கன்னு என்கிட்ட சொல்லிராதீங்க. நான் அழுது கேட்டாலும் சொல்லாதீங்க.'